வானத்தில் இருந்து குதித்த டாக்டர்!

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுந்தரபாண்டியபுரம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆடி மாதத்தில், இந்த ஊர் வயல்களில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். "ரோஜா" படம் பிடித்த ஊர் என்பதால், சினிமா ரசிகர்களுக்கும் இது தெரிந்த பெயர். பூவைப் பார்ப்பதற்கு என்றே வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

வருகிறவர்கள், வயலில் நிற்கும் பெரியவர்களின் கையையும் ஒரு தடவை பார்க்கலாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களின் கையில், காசு அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். சிலருக்கு இரண்டு, மூன்று கூட இருக்கும். அம்மை குத்தின தழும்பு! குழந்தைகளின் தோளில் இருக்கும் சின்னத் தழும்பு வேறு. அது காசநோய் வராமல் இருக்கப் போடும் ஊசி. பெரியவர்களின் கையில் இருப்பது, வைசூரிக்காக குத்தியது. 1980-ம் ஆண்டுக்குப் பிறகு பிறந்த யார் கையிலும் அது கிடையாது.

ஏன் கிடையாது? அந்த நோயே உலகத்தில் இல்லை!

வைசூரி எப்படிப்பட்ட நோய் என்பது இன்றைய தாய்மார்களுக்குத் தெரியாது. பாட்டிமார்களைக் கேட்டால் சொல்லுவார்கள். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கூட உள்ளே வரமாட்டார். நோய் கண்டவர்கள் 10 பேர் என்றால், அதில் சுமார் 3 பேர் செத்துப் போவார்கள். பிழைத்தவர்களுக்கு முகம் எல்லாம் வடு. சிலருக்குக் கண்ணும் போய்விடும்.

அந்த நோயை உலகத்தை விட்டே விரட்டும் வேலையில், ஆயிரக்கணக்கான டாக்டர்களும் ஊழியர்களும் ஈடுபட்டார்கள். அவர்களில் ஒருவர், ஆப்கானிஸ்தானில் வேலை பார்த்தார். அவர் பெயர் ரங்கராஜ். முழுப் பெயர், ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். நம் பக்கத்துக்காரர் என்பதைப் பெயரே சொல்லும்.

அவர் அதற்கு முன்பு பார்த்த வேலை என்ன தெரியுமா? ஆகாய விமானத்தில் இருந்து குதிப்பது!

முதல் இந்தியர்

ரங்கராஜ் 1917-ம் ஆண்டு பிறந்தவர். டாக்டருக்குப் படித்து, ராணுவத்தில் சேர்ந்தார். அது இரண்டாவது உலகப்போர் நடந்த நேரம்.

1941-ம் ஆண்டு மே மாதத்தில், ஜெர்மன்காரர்கள் கிரீட் தீவைப் பிடித்தார்கள். கப்பலில் வந்து பிடிக்கவில்லை. பாரசூட் குடையைக் கட்டிக்கொண்டு, வானத்தில் இருந்து இறங்கிப் பிடித்தார்கள். உலகமே அதைப் பார்த்துத் திகைத்தது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவிலும் ஒரு பாரசூட் படை அமைக்கப்பட்டது. அதற்கு 50-வது பாரசூட் பிரிகேடு என்று பெயர். அதில் மூன்று பட்டாளங்கள். ஒன்று வெள்ளைக்காரர்கள் பட்டாளம், ஒன்று இந்தியர் பட்டாளம், ஒன்று கூர்க்கா பட்டாளம். இந்தியர் பட்டாளத்தின் டாக்டர்தான், லெப்டினன்ட் ரங்கராஜ்.

கராச்சியில் முதல் குதிப்பு நடந்தது. விமானம், "வாலென்ஷியா" என்ற பழைய ரகம். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரட்டை இறக்கை வைத்தது. அதில் இருந்து இரண்டு வெள்ளைக்கார கேப்டன்கள் குதித்தார்கள். ரங்கராஜும் குதித்தார். மதுரா சிங் என்ற அவில்தார் மேஜரும் குதித்தார். பாரசூட் கட்டிக் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் என்ற பெயர், ரங்கராஜுக்கும் மதுரா சிங்குக்கும் கிடைத்தது.

டாக்டர் எதற்காக குதிக்க வேண்டும் என்று கேட்கலாம். பாரசூட் படை இறங்குவது எதிரியின் முதுகுப்புறத்தில். அங்கே ரோடு நம் கையில் இருக்காது. அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வண்டி வராது. ஆகவே, ஆஸ்பத்திரியே அவனோடு குதித்தாக வேண்டும். கத்தி, கத்தரிக்கோல், மருந்து, கட்டுத்துணி எல்லாம் தனிப் பெட்டியில் பாரசூட் கட்டி இறங்கும். டாக்டர் தன் குடையோடு இறங்குவார்.

கொரியாவில் மூண்ட சண்டை

இந்தியா விடுதலை அடைந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. தூரத்தில் உள்ள கொரியா நாட்டில் போர் மூண்டது.

கொரியாவை 1910 முதல் ஜப்பான் ஆண்டது. 1945-ல் ஜப்பான் தோற்றதும், நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே ரஷியா பக்கம், தெற்கே அமெரிக்கா பக்கம். 1950-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, வடகொரியா ராணுவம் எல்லையைத் தாண்டி தெற்கே பாய்ந்தது. ஐ.நா. சபை கூடியது. வடகொரியா செய்தது தவறு என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது.

அடுத்த கேள்விதான் கஷ்டமானது. "ஆதரித்தீர்கள் அல்லவா? படை அனுப்புங்கள்!" என்றது அமெரிக்கா.

பிரதமர் நேரு யோசித்தார். நாடு பிரிவினையில் அடிபட்டுக் கிடந்தது. காஷ்மீரில் சண்டை நின்று ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வல்லரசுகளின் சண்டையில் எந்தப் பக்கமும் சேர்வது இல்லை என்பது அவருடைய கொள்கை. படை அனுப்பினால் அந்தக் கொள்கை என்ன ஆகும்? ஒன்றும் அனுப்பாவிட்டால், தீர்மானத்துக்குக் கை தூக்கியதற்கு என்ன அர்த்தம்?

முடிவில், துப்பாக்கிப் பட்டாளம் போகவில்லை. 60-வது பாரசூட் பீல்டு ஆம்புலன்ஸ் போயிற்று. அதன் தலைவர், லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ்.

ஆம்புலன்ஸ் என்றதும், சங்கு ஊதிக்கொண்டு ஓடும் வெள்ளை வண்டி ஞாபகம் வரும். ராணுவத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. போர்க்களத்துக்கு மிக அருகில் நடக்கும் ஆஸ்பத்திரி அது. டாக்டர்கள், மருந்து கலக்குகிறவர்கள், தூக்குப் படுக்கை சுமக்கிறவர்கள், சமையல்காரர்கள், டிரைவர்கள் எல்லாரும் அதில் உண்டு. கூடாரத்தைச் சுருட்டி மூட்டை கட்டினால், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம். கொரியாவுக்குப் போன அந்தக் கூட்டத்தில் 340-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

படை அனுப்பிய நாடுகள் 16. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆஸ்பத்திரி அனுப்பிய சில நாடுகளின் பட்டியலில் இருந்தது. "வாய்ப்பேச்சுக்கு இந்தியா, சாவதற்கு நாங்களா?" என்கிற தொனியில் அமெரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. இந்த முணுமுணுப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, டெல்லியில் உள்ள மந்திரிகளைவிட அதிகமாக, கொரியாவுக்குப் போன டாக்டர் மீதுதான் விழுந்தது.

தண்டவாளத்தில் கிடந்த என்ஜின்

1950-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, அவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். எலும்பை நடுக்கும் குளிர்காலம். வடகொரியாவின் தலைநகரான பியாங்யாங் அப்போது ஐ.நா. படைகளின் கையில் இருந்தது. இந்திய டாக்டர்கள் அங்கே போனார்கள்.

போன நேரம் நல்ல நேரம் இல்லை. சீனப்படைகள் லட்சக்கணக்கில் போரில் குதித்து இருந்தன. எல்லையைத் தாண்டி வடக்கே வராதீர்கள் என்று, சீனா முன்கூட்டியே எச்சரித்து இருந்தது. அந்த எச்சரிக்கையை பீக்கிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம்.பணிக்கர் மூலம்தான் சீனா சொல்லி அனுப்பியது. அமெரிக்கா அதை நம்பவில்லை. சொன்னபடியே சீனா வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில், பியாங்யாங்கை விட்டு ஐ.நா. படைகள் அவசரமாக வெளியேறின.

இந்திய ஆஸ்பத்திரியும் வெளியேற வேண்டும். ஆனால் சாமான்களை ஏற்ற போதுமான லாரிகள் இல்லை. போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது.

ரங்கராஜ் போட்டுவிட்டு வர விரும்பவில்லை. ஆபரேஷன் கருவிகளும் மருந்துகளும் இல்லாத டாக்டர் போர்க்களத்தில் என்ன செய்ய முடியும்? வெறும் கையோடு திரும்பினால், இந்தியா அனுப்பியது 340 பார்வையாளர்களை என்று ஆகிவிடும்.

ரெயில்வே யார்டில் ஒரு பழைய நீராவி என்ஜின் அனாதையாகக் கிடந்தது. சில பெட்டிகளும் கிடந்தன. இந்தியச் சிப்பாய்களில் சிலருக்கு என்ஜின் ஓட்டும் வேலை கொஞ்சம் தெரியும். தண்ணீர் வேண்டும். வரிசையாக நின்று, வாளி வாளியாக கைமாற்றிக் கொண்டுவந்து என்ஜினில் ஊற்றினார்கள். சாமான்களை ஏற்றினார்கள். அடுப்பு மூண்டது. ரெயில் நகர்ந்தது!

தேடாங் ஆற்றின் பாலத்தை ரெயில் கடந்தது. எதிரி பயன்படுத்தக் கூடாது என்று, அதன் பிறகு சற்று நேரத்தில் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ரெயில் சியோலை நோக்கிப் போயிற்று. ஒரு ஆஸ்பத்திரி முழுசாகத் தப்பியது.

ரங்கராஜ் பெயரைச் சொன்னால், எல்லாரும் பாரசூட்டைத்தான் சொல்லுவார்கள். இந்த ரெயிலும் அதற்குக் குறைந்தது அல்ல. கத்தியும் மருந்தும் காப்பாற்றப்படாமல் இருந்தால், அடுத்த மூன்று மாதத்தில் குதிப்பதற்கு அர்த்தமே இருந்திருக்காது.

மார்ச் 23

1951-ம் ஆண்டு மார்ச் மாதம். இப்போது ஐ.நா. படைகள் மறுபடியும் முன்னேறின. சியோல் நகரம் திரும்பக் கிடைத்தது. வடக்கே பின்வாங்கும் எதிரிகளை மடக்க, அமெரிக்கத் தளபதிகள் ஒரு திட்டம் போட்டார்கள். சியோலுக்கு வடக்கே, இம்ஜின் ஆற்றின் பக்கத்தில் முன்சான்னி என்று ஒரு ஊர். அங்கே வானத்தில் இருந்து படையை இறக்கி, வழியை அடைப்பது. திட்டத்துக்கு "டோமஹாக்" என்று பெயர். செவ்விந்தியர்களின் கோடரிக்கு அந்தப் பெயர்.

அமெரிக்க பாரசூட் படையினர் 3,400-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களை ஏற்றிச் சென்றவை, 100-க்கும் மேற்பட்ட விமானங்கள். அவர்களோடு குதிக்க 12 இந்தியர்கள் புறப்பட்டார்கள். கர்னல் ரங்கராஜ் அவர்களில் ஒருவர்.

தலைவர் கூடாரத்தில் இருந்துகொண்டு, இளைய டாக்டர்களை அனுப்பி இருக்கலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் தானே போனார்.

குதிப்பது எப்படி? விமானத்துக்குள் ஒரு கம்பி நீளமாக ஓடும். ஒவ்வொருவரும் தன் குடையில் இருந்து வரும் நாடாவை அந்தக் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும், வாசலில் இருந்து ஒருவர் பின் ஒருவராகப் பாய வேண்டும். கம்பியில் மாட்டிய நாடா, குடையை இழுத்துத் திறந்துவிடும். தரையைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் கீழே இருந்து சுடலாம். காற்று ஆற்றுக்குள் தள்ளலாம். இறங்கும்போது கால் முறியலாம். டாக்டருக்குக் கால் முறிந்தால், காயம் பட்டவர்களை யார் பார்ப்பது?

இறங்கினார்கள். கூடாரம் அடித்தார்கள். வேலையை ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொன்னால், அமெரிக்காவின் திட்டம் பாதிதான் பலித்தது. வலையில் விழ வேண்டிய எதிரிகளில் பெரும்பாலோர், முன்னாலேயே வடக்கே நழுவிவிட்டார்கள். பாரசூட் படை கிழக்கே திரும்பி, மலைகளில் சண்டை போட வேண்டி வந்தது. திட்டம் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், குண்டு பட்டவனுக்கு ரத்தம் வடிவது நிற்காது. அவனுக்கு முதல் சில மணி நேரம்தான் உயிர். அந்த நேரத்துக்குள் கத்தி வைக்கும் டாக்டர் பக்கத்தில் இருந்தால் பிழைப்பான். இந்திய டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்தச் சில நாட்களில் 100-க்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார்கள் என்று அவர்களுடைய பணிக் குறிப்புகள் கூறுகின்றன.

அடுத்த மாதமே, காப்யாங் பள்ளத்தாக்கில் பெரிய சண்டை. ஆஸ்திரேலியா, கனடா நாட்டு வீரர்கள், சீனப்படையைத் தடுத்து நின்றார்கள். அவர்களுக்கும் சிகிச்சை செய்தவர்கள் இந்தியர்கள்தான். இன்னொரு பிரிவு, மேஜர் பானர்ஜி என்பவர் தலைமையில் டேகு நகரத்தில் தங்கியது. அங்கே வந்தவர்களில் பலர், வீடு இழந்து ஓடி வந்த ஜனங்கள்.

போர் முடிந்து 1954-ல் திரும்பும் வரை, அந்த ஆஸ்பத்திரி பார்த்த நோயாளிகள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். ஆபரேஷன்கள் 2,300-க்கும் மேல். ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம் கொடுக்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்கு, பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த விருது அது. சுடுவதற்குப் போகாத டாக்டர்கள் இரண்டு பேருக்கு அது கிடைத்தது.

காலே வைக்கக் கூடாது!

இனி அரசியலுக்கு வரலாம்.

1953-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி போர் நின்றது. ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்த கைதிகளில் பலர், சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்றார்கள். சுமார் 22,600 பேர் அப்படி இருந்தார்கள். அவர்களைக் காவல் காத்து, ஒவ்வொருவரையும் கேட்டு முடிவு செய்ய, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரு நாடு வேண்டும்.

இந்தியா கூப்பிடப்பட்டது. குழுவின் தலைவர், ஜெனரல் திம்மையா. காவல் படையின் தலைவர், ஜெனரல் தோரட்.

தென்கொரியா ஜனாதிபதி சிங்மன் ரீக்கு இந்தியா என்றாலே பிடிக்காது. நடுநிலை பேசுகிறவர்கள் எதிரிக்கு நண்பர்கள் என்பது அவர் எண்ணம். இந்தியப் படை வீரன் ஒருவன்கூட தென்கொரியா மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்! கடைசியில், கப்பலில் வந்த இந்திய வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, அவருடைய மண்ணைத் தொடாமலே எல்லைப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மண்ணில் இந்திய டாக்டர்கள் ஏற்கனவே மூன்று ஆண்டுகளாகக் கால் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தென்கொரியா சிப்பாய்களுக்கும் ஜனங்களுக்கும் கட்டுப் போட்டார்கள். அவர்களை யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை.

ஆக, ஆஸ்பத்திரி அனுப்பியதால் சிங்மன் ரீயின் மனசு மாறியதா? மாறவில்லை. நேருவின் கொள்கையை அவர் கடைசிவரை திட்டிக்கொண்டுதான் இருந்தார். உதவி செய்தால் உடனே நட்பு கிடைக்கும் என்ற கணக்கு, கொரியாவில் பலிக்கவில்லை. வேறு ஒன்று நடந்தது. 2020-ம் ஆண்டு, போர் தொடங்கி 70 ஆண்டு ஆனபோது, அதே தென்கொரியாவின் அரசாங்கம், ஜூலை மாதத்தின் போர் வீரர் என்று ரங்கராஜைக் கௌரவித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2009-ல் காலமாகிவிட்டார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில், டெல்லி கண்டோன்மெண்டில் இந்திய - கொரிய நட்புப் பூங்கா திறக்கப்பட்டது. தென்கொரியாவின் ராணுவ மந்திரியே திறப்பு விழாவுக்கு வந்தார். 60-வது ஆஸ்பத்திரியின் பெயர் அந்தப் பூங்காவில் இருக்கிறது.

கத்தி மாறியது

ராணுவத்தை விட்ட பிறகு, ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். 1967-ல் அந்த நிறுவனம், வைசூரியை ஒழிக்கத் தீவிரமான திட்டம் தொடங்கி இருந்தது. ரங்கராஜ் போன இடம், ஆப்கானிஸ்தான்.

வேறு நாட்டில் இருந்து ஒருவர் அங்கே போய் அம்மை குத்துவது லேசான காரியம் அல்ல. பாதி நாடு மலை. குளிர்காலத்தில் பனி மூடினால், கிராமங்களுக்கு வழி அடைபட்டுவிடும். நாடோடிக் கூட்டங்கள் ஆடுகளோடு எல்லையைத் தாண்டிப் போய் வரும். நோயும் கூடவே போய் வரும். பெண்கள் கோஷாவில் இருப்பவர்கள். அம்மை குத்த வரும் ஆண்களிடம் கையை நீட்ட, வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பழைய காலத்து முறையில் அம்மை குத்துகிறவர்கள் அங்கே ஊர் ஊராகப் போனார்கள். வைசூரி கண்டவரின் புண்ணில் இருந்து உதிரும் பொருக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை மற்றவர்களின் தோலில் கீறித் தேய்ப்பார்கள். பலருக்கு நோய் லேசாக வந்து போய்விடும். ஆனால் அது உண்மையான வைசூரிதான். அவரிடம் இருந்து பக்கத்து வீட்டுக்குத் தொற்றினால், அங்கே உயிரைக் கொண்டு போகும். ஊழியர்கள் அந்த ஆட்களைக் கண்டுபிடித்து, பொருக்குப் பொடியை வாங்கிக்கொண்டு, அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டி இருந்தது. வயிற்றுப் பிழைப்பில் கை வைக்கும் வேலை. அதட்டினால் ஒளிந்துகொள்வார்கள். பக்குவமாகப் பேசினால்தான் நடக்கும்.

எல்லாருக்கும் குத்தி முடிக்கும் வரை காத்திருந்தால், நோய் முந்திக்கொள்ளும். ஆகவே, எங்கே ஒருவருக்கு வைசூரி என்று தகவல் வருகிறதோ, அங்கே உடனே ஓடுவார்கள். அந்த வீட்டைச் சுற்றி, அந்தத் தெருவைச் சுற்றி, அந்த ஊரைச் சுற்றி எல்லாருக்கும் குத்துவார்கள். நெருப்பைச் சுற்றி உள்ள ஓலையை அப்புறப்படுத்துவது போல! நோய்க்குத் தாவ வேறு ஆள் கிடைக்காமல், அங்கேயே அவிந்துவிடும்.

படத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, சின்னக் கூட்டமாகப் போவது, சாமான் குறையாமல் பார்த்துக்கொள்வது, ரோடு இல்லாத இடத்திலும் வேலையை நடத்துவது ஆகிய இவை எல்லாம் பாரசூட் டாக்டருக்குப் பழகிய காரியங்கள்.

1973-ம் ஆண்டோடு ஆப்கானிஸ்தானில் வைசூரி ஓய்ந்தது. 1976-ல் சர்வதேச நிபுணர்கள் வந்து பார்த்து, நோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது, 1975-ம் ஆண்டு மே மாதம். உலகத்தில் இயற்கையாக வந்த கடைசி வைசூரி, 1977-ம் ஆண்டு அக்டோபரில் சோமாலியாவில். 1980-ம் ஆண்டு மே 8-ந் தேதி, வைசூரி ஒழிந்தது என்று உலக சுகாதார மாநாடு அறிவித்தது. சுந்தரபாண்டியபுரத்துப் பேரப்பிள்ளைகளின் கையில் தழும்பு இல்லாமல் போனதற்கு, காபூலில் நடந்த வேலையும் ஒரு காரணம். வைசூரிக்கு நாட்டு எல்லை தெரியாது. ஒரு மூலையில் மிஞ்சி இருந்தாலும், எல்லா ஊரிலும் ஊசியை நிறுத்த முடியாது.

இன்றும் அதே கேள்வி

1950-ல் நேருவிடம் கேட்ட கேள்வியை, இப்போதும் கேட்கிறார்கள். 2022-ல் உக்ரைன் மீது ரஷியா படை எடுத்தது. ஐ.நா. சபை ஓட்டெடுப்பில் இந்தியா கலந்துகொள்ளாமல் ஒதுங்கியது. மருந்துகளையும் நிவாரணச் சாமான்களையும் உக்ரைனுக்கு அனுப்பியது. "எந்தப் பக்கம் என்று சொல்லாமல் மாத்திரை அனுப்பினால் போதுமா?" என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் கேட்டன.

இந்தக் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மாத்திரை குண்டை நிறுத்தாது. கொரியாவிலும் போரை நிறுத்தியது டாக்டர்கள் அல்ல. இரண்டு பக்கமும் களைத்த பிறகே போர் நின்றது. ஆனால் கொரியாவுக்கு இந்தியா அனுப்பியது தூரத்தில் இருந்து ஒரு மூட்டை அல்ல. மனிதர்களை அனுப்பியது. அவர்கள் அபாயத்துக்குள் போய் இருந்தார்கள். ரங்கராஜ் முன்சான்னியில் குதித்ததால்தான், இந்தியா ஒதுங்கி நிற்கிறது என்ற பேச்சுக்குப் பதில் கிடைத்தது. ஒதுங்கி நின்று மருந்து கொடுப்பதற்கும், உள்ளே போய் மருந்து போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, டெல்லியில் இருப்பவர்கள் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லது.

2023-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, துருக்கியில் பயங்கர பூகம்பம். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காஷ்மீர் விஷயத்தில் துருக்கி, இந்தியாவைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த நாடு. ஆனாலும் இந்தியா ஒரு ராணுவ ஆஸ்பத்திரியை உடனே விமானத்தில் அனுப்பியது. இஸ்கெண்டருன் என்ற ஊரில் 99 பேர் அதை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர், 60-வது பாரசூட் ஆஸ்பத்திரி. ஆம், ரங்கராஜ் நடத்திய அதே பிரிவு!

இரண்டு ஆண்டு கழித்து, 2025-ம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை வந்தது. துருக்கி, பாகிஸ்தான் பக்கம் பேசியது. "இவர்களுக்கா போய் உதவி செய்தோம்!" என்று நம் ஊர் டீக்கடைகளில் கொதித்தவர்கள் பலர். கோபம் நியாயம்தான். ஆனால் இடிபாட்டில் சிக்கிய குழந்தைக்குக் கட்டுப் போட்டது, துருக்கி ஜனாதிபதியின் பேச்சை விலைக்கு வாங்குவதற்காக அல்ல. அப்படி வாங்க முடியும் என்றால், சிங்மன் ரீயையே வாங்கி இருக்கலாம்.

அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி போவது நிற்கவில்லை. துருக்கி பேசுவதற்கு முன்பு, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பர்மாவில் பூகம்பம் வந்தபோது, ஆக்ராவில் உள்ள பாரசூட் பிரிகேடின் டாக்டர்கள் மாண்டலே நகரத்தில் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். பேசிய பிறகு, நவம்பர் கடைசியில் இலங்கையை "தித்வா" புயல் தாக்கியது. மலைநாட்டில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் பல மண்ணுக்கு அடியில் போயின. பாலங்கள் உடைந்தன. ரோடுகள் அறுந்தன. ஆக்ராவில் இருந்து மறுபடியும் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி, சாமான்களோடு விமானத்தில் ஏறியது. கண்டிக்குக் கிழக்கே உள்ள மகியங்கனையில் கூடாரம் அடித்தார்கள். விடிந்ததும், காயத்துக்குக் கட்டுப் போட ஜனங்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.